எதிர்மாடி இடிதாங்கி

ஜனவரி 14

அன்புள்ள மரைக்கு,

நான் சுகம். மாமாவும் சுகம், முழங்கால் தவிர. உன் சுகத்தை நீயாக எழுதினால்தான் உண்டு. போனை எடுப்பதில்லை என்று சபதம் செய்தவனிடம் வேறு எப்படிக் கேட்பது.

பெட்டியில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. பழைய சாமான்காரர் அதை ஓர் இஸ்திரிப் பெட்டிக்கும் பாடாத ரேடியோவுக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தார். "ரெண்டு கண்ணும்மா இதுக்கு. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்" என்றார். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு, ஒன்று போனால் இரண்டும் போன மாதிரிதான் என்று நான் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. எடுத்தால் இவளுக்கு விஷயம் தெரியும் என்று உஷாராகிவிடுவார்.

ஷட்டர் நகரவில்லை. கீழ் லென்ஸில் பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி. தலைமூடியைத் திறந்து மேலிருந்து குனிந்து பார்த்தேன். திரை பரவாயில்லை.

நீ சரிசெய்து அனுப்பிய போன கேமராவை ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஒருவர் எடுத்துக்கொண்டார். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார். வழக்கம் போல, கொடுக்கும் முன் ஒரு ரோல் நானே எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு படம் இத்துடன். மாமா மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறார். அவருக்குத் தெரியாமல் எடுத்தது.

ஒரு குறை. உன் கடிதத்தில் பக்கத்துக்கு எட்டு வரிகூட இல்லை. ஒவ்வோர் எழுத்தும் சுவரொட்டி எழுத்து. காகித மில் எதுவும் வாங்கிவிட்டாயா?

அம்மா போன பிறகு நீ சுவரைப் பார்த்துப் படுத்தாய். சாப்பாட்டுத் தட்டை உன் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு நான் ஊர் திரும்பினேன். அப்புறம் சந்தையில் ஒரு கேமரா என்னை முறைத்தது. அதை அனுப்பினேன். அதைப் பிரிப்பதற்குத்தான் நீ எழுந்து உட்கார்ந்தாய். அதனால் சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் நிறுத்திவிடாதே.

உன் அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

ஷட்டரில் எண்ணெய் காய்ந்து கோந்தாகியிருந்தது. கழுவினேன். ஒரு நொடி, அரை நொடி, கால் நொடி, எல்லாம் சரியாகச் சொல்கிறது. காதால் கேட்டே தெரிந்துகொள்கிறேன் இப்போதெல்லாம்.

பூஞ்சை போய்விட்டது. சாய்கண்ணாடிதான் சரியில்லை. மேல் லென்ஸில் வரும் உருவத்தைத் திரைக்குத் திருப்பிவிட வேண்டிய கண்ணாடி. நடுவில் மங்கல். துடைத்தேன். மறுபடி துடைத்தேன். போகவில்லை. அடுத்த பெட்டியில் புதிதாக ஒன்று வெட்டி அனுப்பு.

போகஸ் வைக்க இரண்டு நாள் காத்திருந்தேன். நான் வைக்கும் விதம் உனக்குத் தெரியும். ஜன்னலில் இருந்து எதிர்மாடி இடிதாங்கி. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் எண்ணெய்க் காகிதத்தை ஒட்டி, கீழ் லென்ஸை அந்தக் கம்பி மேல் நிறுத்துவேன். பிறகு மேல் லென்ஸைத் திருகி, திரையிலும் அதே கம்பி அதே கூர்மையில் வரும் வரை விடமாட்டேன். மேலே தெளிவது கீழேயும் தெளிய வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பது ஒன்று, பதிவது ஒன்று. காலையில் பனியில் கம்பியே தெரியவில்லை. மதியம் வரை உட்கார்ந்திருந்தேன்.

மாமா படம் கிடைத்தது. துணிகள் நன்றாக விழுந்திருக்கின்றன. மாமாதான் மங்கல். ஆடியிருப்பார்.

பேனாவை மாற்றியிருக்கிறேன். தடித்த முனை. அதுதான் சுவரொட்டி.

கீழ் வீட்டுத் தையல்காரம்மா நேற்று மேலே வந்தார், என் சட்டைப் பொத்தான்களுடன்.

"அந்த டப்பாவோட நாள் பூரா என்ன பேசுறே தம்பி?"

"டப்பா இல்லம்மா. கேமரா."

"ஒரு பொண்ணைப் பாரு. அதுக்கும் ரெண்டு கண்ணு இருக்கும். திருப்பிப் பதிலும் சொல்லும்."

"அதான் பயம்."

சிரித்துவிட்டுப் போனார். இவ்வளவுதான் செய்தி.

மரை


மார்ச் 3

அன்புள்ள மரைக்கு,

கேமரா வந்து சேர்ந்தது. ஷட்டர் சத்தத்தை மாமா காதில் வைத்துக் கேட்டார். "உன் தம்பி இதயத்தையே மாத்தி வச்சிருக்கான்" என்றார். அவர் பாராட்டுவது அபூர்வம். குறித்துக்கொள்.

புதிய சாய்கண்ணாடி பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். கூடவே வேறொரு கேமரா. இதற்கு ஃபிலிம் நகர்த்தும் கைப்பிடி மட்டும்தான் சண்டை போடுகிறது.

படம் ஒன்று. எங்கள் தெரு முனை ரொட்டிக்கடைக்காரர். புருவ மயிரைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பார்த்துவிட்டு எழுது. கட்டாயம் எழுது.

நாளெல்லாம் பொடிப்பொடி ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன். ஒரு தடவை கண் டாக்டரிடம் போய்விட்டு வாயேன். மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும். எல்லாரும் வருடத்துக்கு ஒரு தடவை போகிறார்கள். நானும் போனேன். சும்மாதான் சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

மூக்குக்கண்ணாடி கடையில் மாற்றிக்கொண்டேன். பலகையில் மேல் வரிசை எழுத்தைக் கடைக்காரர் கேட்டார், ஓரத்தில் பார்த்துச் சொன்னேன், "சபாஷ்" என்றார். ஆக அந்தப் புகார் தீர்ந்தது.

என் புகார் இருக்கிறது. சந்தைக்காரரை மாற்று. நம்மை ஏமாற்றுகிறார். எந்தக் கேமராத் திரையிலும் நடு பளிச்சென்று இருக்கும், மூலைகள் இருட்டாக இருக்கும். நீ சமீபத்தில் அனுப்புகிறவை எல்லாம் தலைகீழ். மூலை நன்றாக இருக்கிறது, நடு செத்துக் கிடக்கிறது. புதிய கண்ணாடி போட்டும் அதே கதை. திரைகளையே யாரோ கெடுத்து விற்கிறார்கள். நான் இப்போது மூலையை வைத்துப் போகஸ் பார்க்கப் பழகிக்கொண்டேன். எதற்கும் ஒரு வழி இருக்கிறது.

இன்னொரு தொல்லை. எதிர்மாடி இடிதாங்கியைக் கழற்றிவிட்டார்கள். எதற்கு என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை வைத்து ஓட்டுகிறேன்.

ரொட்டிக்கடைக்காரர் படம். கோபித்துக்கொள்ளாதே, உன் கை ஆடிவிட்டது. அவர் பின்னால் அலமாரி தெளிவாக இருக்கிறது. முகம் இல்லை. புருவம் எங்கே?

தையல்காரம்மா திட்டினார். "பேசினா மூஞ்சியைப் பார்த்துப் பேசு தம்பி. என் தோளுக்குப் பின்னாடி யாரு நிக்கிறா?" யாரும் நிற்கவில்லை. அப்படிப் பார்த்தால்தான் அவர் முகம் தெரிகிறது. அதை எப்படிச் சொல்வது. பேய் என்று சொல்லிவைத்தேன்.

மரை


மே 11

அன்புள்ள மரைக்கு,

சிறு கடிதம். காய்ச்சலில் இருந்து இன்றுதான் எழுந்தேன்.

பெட்டியில் ஒரு கேமரா. ஒரு டாக்டர் வீட்டை ஒழிக்கும்போது கிடைத்தது. தோல் புதிது, அவரே ஒட்டவைத்திருக்க வேண்டும். நிதானமாகப் பார். படம் இந்த முறை இல்லை, ஃபிலிம் கையில் இல்லை.

கடைக்காரர் காட்டும் பலகை போதாது. ஆஸ்பத்திரியில் உள்ள கண் டாக்டரைப் பார். அக்கா சொன்னால் கேட்க மாட்டாயா?

அக்கா


ஜூன் 2

அக்கா,

டாக்டர் வீட்டுக் கேமரா.

தோலை உரித்தேன். பசை இன்னும் சரியாகக் காயவில்லை. முன்தகட்டைக் கழற்றினேன். நான்கு ஸ்க்ரூ. ஒன்றின் தலை மட்டும் சற்றுப் பெரிது. போன மழைக்காலத்தில் ஒன்று விரலில் இருந்து நழுவி எங்கோ ஓடிவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு தாழ்ப்பாள் ஸ்க்ரூவை அரத்தால் அராவிப் போட்டேன். என் அலமாரிக்கதவில் அந்தத் தாழ்ப்பாள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தகட்டின் உள்பக்கம் விரலை வைத்தேன். ஒரு நேர்கோடு. குறுக்கே ஒரு சின்னக் கோடு. வேலை முடிந்ததும் நான் போடும் கீறல். உனக்குக்கூட அதைக் காட்டியதில்லை.

நான் அதைப் பார்க்கவில்லை. தடவினேன். பார்க்க முயன்றேன், கீறல் இருக்க வேண்டிய இடத்தில் கீறல் இல்லை. விரலுக்கு இருக்கிறது. கண்ணுக்கு இல்லை.

உடனே இறங்கிப் போய்த் தையல்காரம்மாவை மேலே கூட்டி வந்தேன். ஜன்னலில் நிறுத்தினேன்.

"எதிர்மாடியில இடிதாங்கியை எப்ப கழட்டினாங்கம்மா?"

"கழட்டினாங்களா? நின்னுக்கிட்டுத்தானே இருக்கு."

"எங்கே?"

"அதோ. காக்காகூட உட்கார்ந்திருக்கு பாரு."

பார்த்தேன். ஓரத்தில் வானம். தொட்டி. ஒரு கயிறு. நடுவில் சாம்பல் நிறம் என்று எழுத வந்தேன். நிறம்கூட இல்லை.

"விளையாடுறியா தம்பி?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். இந்த மாதிரி இன்னும் எத்தனை உன்னிடம் இருக்கின்றன? பாட்டு வாத்தியார் என்று ஒருவர் இருக்கிறாரா? ரொட்டிக்கடைக்காரரை எந்தக் கேமராவில் எடுத்தாய்? உன் கை ஆடவில்லை, இல்லையா?

கேமராவைத் திருப்பி அனுப்புகிறேன். தகடு, ஸ்க்ரூ, தோல், எல்லாம் போட்டிருக்கிறேன். போகஸ் வைக்கவில்லை. யாருக்கு வைப்பது.

தம்பி


ஜூன் 12

என் தம்பிக்கு,

நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் இருந்து நீ அனுப்பிய எல்லாம் என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் துண்டில் சுற்றி. "உங்க அக்கா கேமராவை அடைகாக்குறா" என்று மாமா உன்னிடம் சொல்லப் போவதாக மிரட்டுவார். பாட்டு வாத்தியார் இல்லை. நான்தான் அவரைப் பிறப்பித்தேன்.

முதலில் வந்தது அந்தத் தாழ்ப்பாள் ஸ்க்ரூக் கேமரா. அன்று அவசரத்தில் ரோல் எடுத்துப் பார்க்காமலே ஒரு கல்யாணப் போட்டோகிராபருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் படங்களைக் கொண்டுவந்து என் மேசையில் வீசினார். "அம்மா, மாப்பிள்ளைக்குக் காது மட்டும்தான் இருக்கு, மூக்கைக் காணோம்." திருப்பி வாங்கிக்கொண்டேன். அன்று உனக்கு மனம் சரியில்லை, கவனம் பிசகியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்ததையும் எடுத்துப் பார்த்தேன். அதற்கடுத்ததையும். திரையில் கண் தெளிகிறது, படத்தில் காது தெளிகிறது.

உனக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் ஒரே கேமராவில் எடுத்தவை. நீ நன்றாகச் செய்து கொடுத்த பழைய ஒன்று, நான் விற்காமல் வைத்துக்கொண்டது. மாமா ஆடியிருப்பார் என்று நீ எழுதியபோது என் கையில் அதே படத்தின் இன்னொரு பிரதி இருந்தது. மாமா சட்டையில் பொத்தான் ஒன்று போயிருப்பதுகூடத் தெரிந்தது. ரொட்டிக்கடைக்காரரை வேண்டுமென்றே அனுப்பினேன். புருவத்தை நீ எழுதுகிறாயா என்று பார்க்க. மூலை பளிச்சென்று இருக்கிறது என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா கடைசி வருடங்களில் யாரையும் நேராகப் பார்க்க மாட்டார். திமிர் என்றார்கள். என் கல்யாணத்தில் மாமாவின் தோளைப் பார்த்துப் பேசினார். டாக்டர் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். சின்னவனிடம் சொல்லாதே என்றாள் அம்மா. சொல்லவில்லை. அது அங்கே தொடங்கிய பழக்கம்.

டாக்டரைப் பார் என்று இரண்டு தடவை எழுதினேன். எதற்கு என்று எழுதவில்லை. எழுதினால் கருவிகளைக் கீழே வைத்துவிடுவாய், வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாய் என்று பயந்தேன். மே மாதம் காய்ச்சல், சந்தைக்குப் போகவில்லை. பெட்டி வராவிட்டால் என்ன நினைப்பாயோ என்று கட்டிலுக்கடியில் இருந்து ஒன்றை எடுத்தேன். தோலை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். தோலைப் பார்த்துக் கேமராவை அறிகிறவனா நீ. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு இப்போதே போ. இல்லையென்றால் நான் வந்து கூட்டிப்போகிறேன். பதில் எழுது. நாலு வார்த்தை போதும். திட்டியாவது எழுது.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

இது என் கையெழுத்து இல்லை. தையல்காரம்மா எழுதுகிறார், நான் சொல்கிறேன். உன் ஜூன் கடிதத்தையும் அவர்தான் வாசித்தார். மாப்பிள்ளை மூக்கு வந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவுக்கு வந்த அதேதான். நடு போகும், ஓரம் நிற்கும். இடது கண்ணில் நடு போய்விட்டது. வலதில் மிச்சம் கொஞ்சம். ஊசி போடுகிறார்கள். எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாதாம்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் இடது கண்ணை இன்னும் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருக்கலாம் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பேருந்து போய்விட்டது என்று சொல்வது போல.

ஒரு வருடம். கட்டிலுக்கடியில் நீ துண்டில் சுற்றி வைத்திருப்பது அதுதான்.

இந்த இடத்தில் தையல்காரம்மா "இதையெல்லாம் எழுதணுமா தம்பி" என்கிறார். எழுதச் சொல்கிறேன்.

வேலை இல்லாவிட்டால் நான் செத்துப்போவேன் என்று நீ முடிவு செய்தாய். என்னைக் கேட்கவில்லை. அழும் குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போலப் பெட்டி பெட்டியாக அனுப்பினாய். இல்லாத கம்பிக்கு, இல்லை, இருக்கிற கம்பிக்கு, நான் நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். நீ அங்கே பாட்டு வாத்தியாருக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாய்.

நீ கெட்டவள் என்று சொல்லவில்லை. அப்படி இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கருவிகளைத் துடைத்து டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். இனி பெட்டி அனுப்பாதே. வரவும் வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். கீழே இறங்கி நடக்கிறேன். மாமாவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

இவ்வளவுதான்.

தம்பி

அம்மா, அவர் சொன்னது மேலே முடிஞ்சது. இனி எழுதறது நான். சாப்பிடறார்னு எழுதச் சொன்னார், எழுதினேன். சாப்பிடலை. கீழே வந்தே பல நாளாச்சு. நான் போறப்ப சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கார். இந்தக் கடிதாசியைக்கூடச் சுவரைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னார். அடுத்த ஊசிக்கு வர மாட்டேங்கிறார். இந்தக் கடைசிப் பகுதியை அவருக்கு வாசிச்சுக் காட்டலை. நீங்க வரணும். நான் எழுதினேன்னு தெரிய வேண்டாம்.


ஆகஸ்ட் 27

தையல்காரம்மாவுக்கு வணக்கம். இந்தக் கடிதத்தை அவனுக்கு உரக்க வாசியுங்கள். ஒரு வார்த்தையும் விடாமல். உங்களைப் பற்றி வரும் இடத்தையும். கோபப்படுவான். பரவாயில்லை, நம் இருவருக்கும் சேர்த்து நான் வாங்கிக்கொள்கிறேன்.

மரை,

உன் கடிதத்தின் கடைசியில், உன் கையெழுத்து வர வேண்டிய இடத்துக்குக் கீழே, தையல்காரம்மா சில வரிகள் எழுதியிருந்தார். உனக்கு வாசிக்கவில்லை. நீ சாப்பிடவில்லை, நடக்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாய், அடுத்த ஊசிக்கு வர மறுக்கிறாய் என்று. உனக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

படித்ததும் முதலில் எனக்குத் தோன்றியது அவர் சொன்னபடி செய்யத்தான். தற்செயலாக வந்தது போல வந்து நிற்கலாம், மாமாவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை என்று சொல்லலாம். பொய்யைப் பாதி தைத்துவிட்டேன். அப்புறம் பிரித்தேன். உன் முதுகுக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும் நல்லவர்களாக இருந்தது போதும்.

அந்த ஒரு வருடத்தைத் திருப்பித் தர என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். இந்தக் காகிதத்தில் ஒட்டவில்லை.

கட்டிலுக்கடியில் இருந்தவற்றைச் சந்தைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். போகஸ் சரியில்லை என்று ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டித்தான். அவர் சீட்டுகளைக் கிழிக்க வந்தார். நின்று சண்டை போட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். நீ வரவேண்டாம் என்றாய், இருந்தாலும் வருகிறேன். கையில் கேமரா எதுவும் இருக்காது. உனக்குச் செய்ய வேலை எதுவும் கொண்டுவரவில்லை. ஊசிக்கு நீ வந்தால் கூட வருவேன். வராவிட்டால் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. கதவைத் திறக்காவிட்டால் தையல்காரம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் படுத்திரு. நான் ஜன்னல் பக்கம் உட்கார்கிறேன்.

எதிர்மாடியில் இடிதாங்கி இருக்கிறதா என்று நீ கேட்டால் பார்த்துச் சொல்கிறேன். இருந்தால் இருக்கிறது என்று. இல்லாவிட்டால் இல்லை என்று.

அக்கா